பல் மரம் கண்ட பிரிண்டர்

கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் பழமொழிப் பயிற்சித்தாள் ஒன்றை வீட்டு லேசர் பிரிண்டரில் அச்சடித்துக் கொண்டுபோனேன். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்பது முதல் வரி. எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு சிறுமி நிமிர்ந்து கேட்டாள்: "அங்கிள், பல் மரம்னா என்ன மரம்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'ல'வின் தலைமேல் கடுகளவு கரும்புள்ளி. பிரிண்டர் வைத்தது. ஆங்கிலத் தாளாக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. தமிழில் தலைமேல் புள்ளி விழுந்தால் எழுத்தின் உயிரே போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தேன். அந்தப் புள்ளிக்கு நேர் கீழே இன்னும் இரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக 75 மில்லிமீட்டர். நோய் எங்கே என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிட்டது. எப்படி என்று புரிய, பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் வைக்காத தலையைச் சீப்பால் வாரி, காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் காட்டினால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். லேசர் பிரிண்டரின் வித்தையும் இதே நிலைமின்சாரம்தான். உள்ளே ஈர மை கிடையாது. டோனர் என்கிற பிளாஸ்டிக் கலந்த நுண்பொடிதான் உண்டு. நடுநாயகம் டிரம் என்னும் உருளை. அதன்மேல் ஒளி பட்டால் மின்னூட்டத்தை விட்டுவிடும் மெல்லிய பூச்சு. முதலில் சார்ஜ் ரோலர் அந்த உருளை முழுக்க எதிர்மின்னூட்டம் ஏற்றும். பல மாடல்களில் இது சுமார் 600 வோல்ட். பிறகு லேசர் கதிர், சுழலும் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, உருளையின் குறுக்கே வரிவரியாக ஓடும். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிடும். டோனரும் எதிர்மின்னூட்டம் கொண்டதால், மின்னூட்டம் நிறைந்த இடங்களை விட்டு விலகி, வடிந்த இடங்களில் மட்டும் போய் உட்காரும். அடியில் வரும் தாளுக்கு டிரான்ஸ்ஃபர் ரோலர் நேர்மின்னூட்டம் கொடுத்தால் பொடி தாளுக்கு இறங்கிவிடும். கடைசியில் ஃபியூசர், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொடியை உருக்கி அழுத்தி ஒட்டும். உருளையில் மிஞ்சிய பொடியை ஒரு பிளேடு வழித்தெடுக்கும். அடுத்த சுற்று தொடங்கும்.

நிலைமின்சாரத்தால் படியெடுக்கும் இந்த முறைக்கு வழி காட்டியவர் செஸ்டர் கார்ல்சன். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் படியை எடுத்தார். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளெல்லாம் அதன் வாரிசுகள். நகலெடுக்கும் அந்த இயந்திரத்தில் லேசரால் நேரடியாக எழுதினால் என்ன என்று யோசித்தவர் கேரி ஸ்டார்க்வெதர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நியூயார்க் மாநில ஆய்வகத்தில் மேலதிகாரிகளின் ஆதரவு கிடைக்காததால், 1971இல் அதே நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்கு மாறினார். எங்கள் ஊரிலிருந்து குன்றுகளைக் கடந்து, டம்பார்ட்டன் பாலத்தில் விரிகுடாவைத் தாண்டினால் அந்த ஊர்தான். அந்த ஆண்டுக்குள்ளேயே, ஒரு நகல் இயந்திரத்தை மாற்றியமைத்து அச்சடித்துக் காட்டினார். 1984இல் ஹெச்பி லேசர்ஜெட் 3,495 டாலருக்கு மேசைமேல் வந்து அமர்ந்தது. அதன் உள்ளுறுப்பு கேனன் தயாரித்தது. டிரம், டோனர், பிளேடு என்று தேய்ந்துபோகும் பாகங்களை ஒரே கார்ட்ரிட்ஜில் அடைத்து, பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும்படி செய்தது கேனனின் கெட்டிக்காரத்தனம்.

இனி என் 75 மில்லிமீட்டருக்கு வருவோம். உள்ளே சுழலும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சுற்றளவு உண்டு. உருளையில் ஓரிடத்தில் காயம் பட்டால், அது ஒரு சுற்றுக்கு ஒருமுறை தாளில் பதியும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு ஏறத்தாழ 75. சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் இந்த அளவுதான். 30 மில்லிமீட்டர் டிரம் என்றால் 94 வரும். சார்ஜ் ரோலருக்கும் ஃபியூசருக்கும் வேறு கணக்கு. மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் கையேட்டில் அட்டவணை இருக்கும். என் டிரம்மில் பூச்சு பெயர்ந்த இடத்தில் மின்னூட்டம் நிற்கவில்லை. லேசர் பட்ட இடம் என்று நம்பி டோனர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

மற்றக் கோளாறுகளும் தாளிலேயே கையெழுத்துப் போடும். மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு என்றால் பெரும்பாலும் பிளேடோ டிரம் கீறலோ. வெள்ளைக் கோடு என்றால் லேசர் வரும் பாதையில் தூசி இருக்கலாம், டோனர் தீரலாம். விரலால் தேய்த்ததும் எழுத்து உதிர்ந்தால் ஃபியூசர். சென்னை ரிச்சி தெருவின் ரிப்பேர் கடைகளில், ஃபியூசர் உறையை மனதில் வைத்து 'டெஃப்லான் போச்சு' என்பார்கள். தாள் முழுக்கக் கறுப்பு என்றால் சார்ஜ் ரோலர் வேலை செய்யவில்லை. புது கார்ட்ரிட்ஜ் வெற்றுத்தாள் தந்தால், சீல் டேப்பை உருவினோமா என்று முதலில் பார்க்க வேண்டும். காற்றுக்கும் பங்குண்டு: சென்னை ஈரத்தில் தாள் நமுத்து எழுத்து மங்கும், பிளசன்டன் கோடையின் வறட்சியில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாக உள்ளே போகும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், அச்சு ஓடும்போது பாதியில் கதவைத் திறந்து நிறுத்திப் பார்க்கலாம். டிரம்மில் எழுத்து தெளிவாக இருந்து தாளில் இறங்காவிட்டால் டிரான்ஸ்ஃபர் ரோலரைச் சந்தேகிக்கலாம். தாளில் இறங்கியது நன்றாக இருந்து, வெளியே வரும்போது கெட்டால் ஃபியூசர். ஃபியூசர் பக்கம் கை வைக்கக் கூடாது, சுடும். டிரம்மைத் தொடவோ வெளிச்சத்தில் வைக்கவோ கூடாது. கொட்டிய டோனரை வீட்டு வேக்வம் கிளீனரால் உறிஞ்சவும் கூடாது. அவ்வளவு நுண்மையான பொடி அதன் வடிகட்டியில் நிற்காது. கையில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் பொடி இளகி ஒட்டிக்கொள்ளும்.

காயத்துக்குக் காரணம், என் சிக்கனமாகத்தான் இருக்கும். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்களைத் திருப்பிப் போட்டு அடிக்கிற பழக்கம் எனக்கு. ட்ரேயில் மிச்சமிருந்த தாள்களில் ஒன்றில் ஸ்டேப்ளர் பின் இன்னும் குத்தியிருந்தது. ஸ்கேலை எடுக்காமல் விட்டிருந்தால் ஃபியூசரா, ரோலரா என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்திருப்பேன். அந்தத் தச்சன் கையிலும் ஒரு முழக்கோல் இருந்திருக்க வேண்டும்.

புது கார்ட்ரிட்ஜ் மாட்டி அதே பயிற்சித்தாளை மறுபடி அடித்தேன். இம்முறை, நான் வைத்த இடங்களில் மட்டும் புள்ளி இருந்தது.