ஒன்பதா, பன்னிரண்டா? இசைத்தட்டு முள்ளைத் தாங்கும் கைக்கு எவ்வளவு நீளம் வேண்டும்?

இசைத்தட்டில் பிழை முதலில் காதில் விழுவது பக்கம் முடியும் இடத்தில்தான். ஓரத்தில் முள் இறங்கியபோது பளிச்சென்று கேட்ட குரல், நடு லேபிளை நெருங்க நெருங்க மங்கிவிடும். ‘ச’வும் ‘ஷ’வும் வரும் இடங்களில், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சிதறல் கூடவே வரும். முள் தேய்ந்துவிட்டதோ, தட்டு கீறிவிட்டதோ என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். இரண்டும் நன்றாக இருந்தும் சிதறல் போகவில்லை என்றால், முள்ளைத் தாங்கி நிற்கும் கையைக் கவனிக்க வேண்டும். டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் டோன்ஆர்ம் என்று சொல்வது இதைத்தான்.

பெரும்பாலான கருவிகளில் இந்தக் கை 9 அங்குலம். அதாவது, கை திரும்பும் அச்சிலிருந்து முள்முனை வரை ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். 12 அங்குலக் கை என்றால் அதே அளவு 305 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நீளமான கைக்கு மாறினால் கடைசிப் பாட்டின் கரகரப்பு போய்விடும் என்று நம்பிப் பெரிய தொகை செலவழிப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தட்டுக்கு மூலப்பிரதி வெட்டும் லேத்தில், வெட்டும் முனை ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டுக் கருவியின் கை அப்படி நகராது. ஒரு முனையில் மாட்டப்பட்டிருப்பதால், கீலில் திரும்பும் கதவுபோல வளைந்துதான் வரும். நேராக வெட்டிய பள்ளத்தில் முள் கொஞ்சம் சாய்ந்தபடியே ஓட வேண்டியிருக்கிறது. இந்தச் சாய்வுதான் ஒலியைக் கெடுக்கிறது.

இதற்கான மருந்து கிராமபோன் காலத்திலேயே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் பெர்சி வில்சன் 1924-லேயே முள்ளின் கோணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னர் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்கிரன் 1938-லும், பேர்வால்ட் 1941-லும் கணக்கை முழுமையாக்கினார்கள். கையின் தலையை உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும்; முள், தட்டின் நடுக்குச்சியைச் சற்றே தாண்டி விழ வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் தட்டில் இரண்டே இரண்டு இடங்களில் முள் பள்ளத்தோடு துல்லியமாகப் பொருந்தும். வழக்கமான கணக்குப்படி மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரில் ஒன்று, 120.9 மில்லிமீட்டரில் இன்னொன்று. மற்ற இடங்களிலெல்லாம் சாய்வு இருந்தே தீரும்.

எவ்வளவு சாய்வு? தட்டின் வெளி ஓரத்தில்தான் அது மிக அதிகம். 9 அங்குலக் கையில் அங்கே சுமார் 1.9 டிகிரி வருகிறது, 12 அங்குலக் கையில் 1.4 டிகிரிக்குச் சற்றுக் கீழே. மற்ற இடங்களிலும் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. நீளக் கையில் தலையை 24 டிகிரி அளவுக்குத் திருப்ப வேண்டியதில்லை, 18 போதும். அதனால் கையை உள்பக்கமாக இழுக்கும் விசையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். நெளிந்த தட்டின் மேட்டில் கை ஏறும்போது முள்ளின் செங்குத்துக் கோணமும் குறைவாகவே மாறும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி தட்டில், வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கடைசிப் பாட்டு கரகரப்பதற்கு இந்த நெருக்கம் பெரிய காரணம். எவ்வளவு நீளமான கையாலும் இதை மாற்ற முடியாது.

அடுத்தது, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். 1.9-க்கும் 1.4-க்கும் உள்ள வித்தியாசம் அரை டிகிரி. முள் பொருத்திய காட்ரிட்ஜைக் கையின் தலையான ஹெட்ஷெல்லில் பிடித்து வைக்கும் இரண்டு திருகுகளுக்கு நடுவே உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அரை டிகிரி திரும்புவதற்கு ஒரு திருகு மற்றதைவிட 0.11 மில்லிமீட்டர் முன்னே போனால் போதும். ஏறக்குறைய ஒரு நோட்டுத்தாளின் கனம். நீளக் கைக்குக் கொடுத்த பணம் முழுவதையும் ஒரு தாள் கனத்துப் பிசகு விழுங்கிவிடும்.

காட்ரிட்ஜ் பொருத்தும் வேலையைப் பலமுறை செய்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தப் பிசகு மிகச் சுலபமாக வரும். கட்டம் போட்ட கண்ணாடி அளவுகோலைத் தட்டு மேல் வைத்து, பக்கத்தில் விளக்கையும் கையில் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் வரும்வரை நகர்த்துவேன். இரண்டு புள்ளிகளிலும் பொருந்திவிட்டது என்று மூச்சை விட்டுத் திருகை இறுக்கினால், இறுக்கும் அந்தக் கால் சுற்றிலேயே காட்ரிட்ஜ் ஒரு மயிரிழை திரும்பியிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். காட்ரிட்ஜின் உடம்பை அளவாக வைத்துக்கொள்வதும் தவறு, உள்ளே தண்டே சற்றுக் கோணலாக இருக்கக்கூடும். பார்க்க வேண்டியது தண்டைத்தான்.

நீளக் கைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1926-ல் விட்டாஃபோன் பேசும்படங்களுக்கு ஒலி தந்தவை 16 அங்குலத் தட்டுகள். அதே அளவுத் தட்டுகளை அமெரிக்க வானொலி நிலையங்கள் பின்னர் பல ஆண்டுகள் பயன்படுத்தின. அந்தத் தட்டின் ஓரமே மையத்திலிருந்து 203 மில்லிமீட்டர். 9 அங்குலக் கையின் அச்சு மையத்திலிருந்து சுமார் 215 மில்லிமீட்டரில் நிற்கும். தட்டு இடிக்காமல் சுற்றவும் ஓரத்துப் பள்ளத்தில் முள் சரியாக உட்காரவும் அங்கே இடம் போதாது. ஆகவே நிலையங்களுக்கு நீளக் கை தேவைப்பட்டது.

அந்த வழியில் வந்தவற்றில் பெயர் பெற்றது எஸ்எம்ஈ நிறுவனத்தின் 3012. இங்கிலாந்தின் சசெக்ஸில், ஸ்டெய்னிங் என்ற சிற்றூரைச் சேர்ந்த அந்த நிறுவனம் 1946-ல் சிற்றளவு மாதிரிகள் செய்யத் தொடங்கியது. பெயரின் விரிவே ஸ்கேல் மாடல் எக்விப்மென்ட். அதை நிறுவிய அலஸ்டர் ராபர்ட்சன்-ஐக்மன் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு கை செய்துகொண்டார். 1959-ல் அது விற்பனைக்கு வந்தது. கத்தி விளிம்பில் சமநிலையாக நிற்கும் அந்தக் கையின் குட்டைப் பிரதி 3009. இரண்டையும் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

நீளம் கூடினால் எடையும் கூடும். இங்கே சொல்வது தராசு காட்டும் எடை அல்ல, கை அசையும்போது முள் உணரும் எடை. விவரத்தாளில் எஃபெக்டிவ் மாஸ் என்று போட்டிருக்கும். முள்ளின் தண்டு ரப்பரில் தொங்குவதால், கையும் காட்ரிட்ஜும் சேர்ந்து சுருள்வில்லில் தொங்கும் கல்போலத் தமக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அது 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவும் நடப்பவர் காலடியும் அந்த ஆட்டத்தைக் கிளப்பிவிடும்.

கணக்கு எளிது. கிராமில் மொத்த எடையையும், காட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எனப்படும் நெகிழ்ச்சி எண்ணையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுக்க வேண்டும். நெகிழ்ச்சி 20, எடை 6 கிராம் உள்ள காட்ரிட்ஜை 12 கிராம் கையில் மாட்டினால், திருகுக்கு ஒரு கிராம் சேர்த்து 8.2 ஹெர்ட்ஸ் வருகிறது. அதையே 20 கிராம் நீளக் கையில் மாட்டினால் 6.8. இது வேண்டாத பொருத்தம். ஆனால் ஜப்பான் வானொலிக்காக 1960-களில் உருவான டெனான் டிஎல்-103 போன்ற விறைப்பான காட்ரிட்ஜ் 8.5 கிராம் எடையுள்ளது. அதன் நெகிழ்ச்சியை 10 என்று கொண்டால் அதே நீளக் கையில் 9 ஹெர்ட்ஸைத் தாண்டி நிம்மதியாக நிற்கும். ஆர்டோஃபோனின் எஸ்பியு போன்ற கனத்த காட்ரிட்ஜுகளும் இந்த இனம்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. கனத்த, விறைப்பான காட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும், நடுக்குச்சியிலிருந்து கிட்டத்தட்ட 295 மில்லிமீட்டர் தள்ளி அச்சை நட இடமுள்ள டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கும் நீளக் கை தகுந்த செலவு. இலகுவான, நெகிழ்ச்சி மிகுந்த காட்ரிட்ஜ் இருப்பவர்களுக்கு 9 அங்குலமே மேல். எதுவானாலும், கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்கி, இப்போது இருக்கும் கையில் அந்த இரண்டு புள்ளிகளையும் கண்ணாடி அளவுகோலால் சரிபார்த்துவிட்டு, கரகரத்த அதே கடைசிப் பாட்டை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள்.