ஓவியர் சங்கர்

கொங்கு நாட்டில் தாராபுரத்தை அடுத்த பகுதியில் உள்ள சிற்றூர் காரத்தொழுவு. அந்நாளில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் பிறந்தவர் கே. சி. சிவசங்கரன். பிற்காலத்தில் பல மொழி பேசும் சிறுவர்கள் அவரைச் 'சங்கர்' என்றே அறிந்தனர்.

அவருக்குப் பத்து வயது ஆனபோது, பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு அவர் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். படம் எழுதிக் குடும்பம் நடத்த இயலுமோ என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது. எனினும் அவர் பட்டப் படிப்பை நாடாது, 1941இல் சென்னை அரசினர் ஓவியப் பள்ளியை அடைந்தார். அப்பள்ளியின் தலைவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர். அவரும் வங்கத்தினின்று சென்னைக்கு வந்து குடியேறியவரே. பயிற்சி முடிந்ததும் 1946இல் சங்கர் 'கலைமகள்' இதழில் சேர்ந்தார்.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய சிறுவர் இதழ், தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் வெளிவந்தது. 1952இல் சங்கர் அங்குப் பணியேற்றார். சித்ரா என்னும் சிறந்த ஓவியர் முன்னரே அங்கு இருந்தார்.

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளத்தை அறியாதார் யார்? முருங்கை மரத்தினின்று பிணத்தை இறக்கித் தோளிற் சுமந்து மன்னன் நடக்கிறான். பிணத்துள் உறையும் வேதாளம் ஒரு கதை கூறி, முடிவில் ஒரு வினா எழுப்புகிறது. விடை தெரிந்தும் கூறாவிடின் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் மரம் ஏறும். வடமொழி மூலத்தில் உள்ள கதைகள் 25 மட்டுமே. இதழோ அவை தீர்ந்த பின்னரும் புதுக் கதைகளை அதே சட்டத்தில் பொருத்தித் திங்கள்தோறும் வெளியிட்டது.

ஆகவே அதே சுடுகாட்டையும் அதே மன்னனையும் ஓவியர் மீண்டும் மீண்டும் காட்ட வேண்டியதாயிற்று. உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், காலடியில் மண்டையோடுகள், நெளியும் பாம்புகள் ஆகியவற்றைச் சங்கர் நுண்ணிய கோடுகளால் தீட்டினார். சூழல் முழுதும் அச்சம் தரும். மன்னன் முகத்தில் மட்டும் அச்சம் இராது. இவ்வேறுபாடே அப்படத்தின் உயிர் எனலாம். கதைக்குப் படம் வரைவோன் முடிவை முன்னதாக வெளிப்படுத்தலாகாது. படிப்பவனின் ஆவலையும் குறைத்தலாகாது. அது எளிய செயலன்று.

இதழ் பல மொழிகளில் வெளிவந்தது. எழுத்து மொழிக்கு மொழி மாறிற்று; படம் மாறவில்லை. கன்னடச் சிறுவனும் ஒரியச் சிறுமியும் கண்ட விக்கிரமாதித்தன் ஒருவனே. தனியே நின்று விலைபோகும் ஓவியத்தையே உயர்ந்ததாகக் கருதி, கதைப் படத்தைத் தாழ்வாக எண்ணுவோர் உளர். எந்தக் கண்காட்சிக் கூடத்திற்கும் சென்றிராத எத்தனையோ சிற்றூர்ச் சிறுவர்க்கு, அவர்கள் கண்ட முதல் ஓவியம் இத்தகைய கதைப் படமே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அறுபது ஆண்டுகள், 2012 வரை, சங்கர் அவ்விதழுக்காக உழைத்தார். அதன் பின்னரும் தூரிகையைக் கைவிடாது 'ஸ்ரீராமகிருஷ்ண விஜயம்' இதழுக்குப் படங்கள் வரைந்தார். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், தம் 96ஆம் வயதில் மறைந்தார். இந்திய அரசு அவருக்குப் 'பத்மஸ்ரீ' விருதை அறிவித்தது 2021 ஜனவரியில். அப்போது அவர் மறைந்து நான்கு திங்கள் ஆகியிருந்தன.