வந்தவர்களும் இருந்தவர்களும் – 9: பாடு உள்ளவர், பாடு இல்லாதவர்

முகத்துவாரத்தை ஒட்டிய ஏரித் தண்ணீரைக் கரையிலிருந்து பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத வெளியாகத்தான் தெரியும். வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. ஆனால் அங்கே எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பது பழவேற்காட்டின் மூன்று மீனவ ஊர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம். இந்த ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர்.

இறால்தான் இந்த ஏரியின் பொன். கடலில் பொரித்த குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். போகிற வழி முகத்துவாரம். நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றிச் சுத்து வலை கட்டத் தோதான இடங்கள் அங்கே கொஞ்சம், கட்ட நினைப்பவர்கள் நிறைய. நல்ல இடத்தை வலுத்தவன் வளைத்துப் போட்டுக்கொண்டால் ஊர் உடைந்துபோகும். அதனால் இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து மீன்பிடிக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போவார். ஊரில் பெரிய வலைக்காரரின் மகனும் கடனில் கிடப்பவரின் மகனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். செபாஸ்டியன் மேத்யூ இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து எழுதியதை 1991-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் வெளியிட்டது. பொதுச் சொத்தை எல்லோரும் சேர்ந்து பாழாக்குவார்கள் என்று பொருளாதாரப் பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு இந்த ஏரி வெகுகாலமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த வரிசையில் நிற்க, மூன்று ஊர்களில் ஒன்றில், பட்டினவர் என்ற மீனவக் குடியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். பாடு தகப்பன் வழியாக மகனுக்குப் போகும். ஏரிக்கரையில் வாழ்ந்து, ஏரியாலேயே வயிறு வளர்க்கும் மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலிருந்து வலை எடுத்து வருபவர்களுக்கு இல்லை. பழங்குடிகளான இருளர்களுக்கு இல்லை. சந்தையில் கூடை சுமந்து மீன் விற்று வீட்டை நடத்தும் பட்டினவர் பெண்களுக்கும் அவர்கள் பெயரில் பாடு இல்லை.

சென்ற வாரம் மலாயாவைப் பற்றி எழுதினேன். ஒரே மொழி பேசிய இரண்டு கூட்டம் ஒரே கடலைத் தாண்டிப் போனது. கையில் மூலதனமும் உறவுக்காரர்களின் கொடுக்கல் வாங்கல் வலையும் வைத்திருந்த நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறியவர்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் அடைபட்டார்கள். மூன்று தலைமுறை கழித்து இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றைக் கெட்டிக்காரச் சமூகம் என்றும் மற்றதைப் பின்தங்கிய சமூகம் என்றும் சொல்வது எளிது. அப்படிச் சொல்கிறவர் அவர்கள் எப்படிக் கப்பலேறினார்கள் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழவேற்காட்டில் இதே கதை இன்னும் பழையது, இன்னும் கூர்மையானது.

இந்த ஊருக்கு வந்தவர்களின் பட்டியல் நீளமானது. அரபு வணிகத்தோடு வேர் பிணைந்த முஸ்லிம் குடும்பங்கள், அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அறிஞர்கள், 1515-லேயே மாதாவுக்குக் கோயில் எழுப்பிய போர்ச்சுகீசியர், 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர் என்று அடுக்கலாம். இங்கிருந்து கப்பலேறிய துணி தென்கிழக்காசியா முழுக்கப் போயிற்று. மலேசியாவில் இன்றும் ஆண்கள் உடுத்தும் பெலிகாட் கைலிக்கு இந்த ஊரின் பெயர்தான். துணியை அனுப்பிய மரக்காயர்களும் பிற வணிகர்களும் அக்கரையில் கிடங்கும் உறவும் வைத்திருந்தார்கள்.

அதே துறையிலிருந்து மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் டச்சுக் கம்பெனி அடிமைகளை வாங்கி ஜாவாத் தீவின் பத்தேவியாவுக்கு அனுப்பியது. 1622–23-ல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் போனதாகக் கம்பெனியின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். துணிக்காரரின் வழித்தோன்றல்களை நம்மால் பெயர் சொல்லித் தேட முடியும். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை அப்படித் தேட முடியாது. புலம்பெயர்ந்தோர் முன்னேற்றம் என்று நாம் எழுதும் வரலாற்றில் இந்த 1,900 பேர் எந்த நெடுவரிசையிலும் வருவதில்லை.

சமூகங்களை ஒப்பிட்டு எழுதியவர்களில் உலகெங்கும் வாசிக்கப்படுபவர் அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் சோவல். சீனர், யூதர், ஜெர்மானியர், இந்தியர் என்று நாடு நாடாகக் குடியேறிய கூட்டங்களைப் பின்தொடர்ந்து, ஒரு சமூகம் தன்னோடு கொண்டுவரும் திறனும் பழக்கமும்தான் அதன் உயர்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றன, எதிர்கொள்ளும் பாகுபாட்டை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது என்று வாதிட்டார். அதில் உண்மை இருக்கிறது. பட்டினவருக்கு நீரோட்டமும் காற்றும் தெரியும். அதைவிட முக்கியமாக, ஊர்க்கூட்டம் நடத்தத் தெரியும், தலைக்கட்டு வரி வசூலித்துப் பொதுக்காரியம் செய்யத் தெரியும், ஆளாளுக்குச் சண்டை வந்தால் ஊருக்குள்ளேயே தீர்க்கத் தெரியும். இந்த அமைப்பு பணத்தைவிடப் பெரிய மூலதனம்.

ஆனால் சோவலின் கணக்கை எடுத்துக்கொண்டு இருளர் குடியிருப்புக்குப் போனால் அது அங்கே பொருந்தவில்லை.

தை மாதத்தின் ஒரு காலை நேரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீர் வற்றும் நேரம். இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்தாறு பெண்கள் குனிந்து நகர்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். விரல் நுனியில் இறால் துள்ளுகிற கணத்தில் அமுக்கி, நிமிராமலே பறிக்குள் போடுகிறார்கள். ஒருவர் கரையேறியபோது கையைப் பார்த்தேன். கிளிஞ்சல் கிழித்த தழும்புகள் விரல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின, ஒரு விரலில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருந்தது. பல மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறி உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பறியில் ஒரு கிலோவுக்குக் குறைவாகவே இறால் இருந்தது. முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி கரையிலேயே தராசோடு காத்திருந்தார். விலையை அவர் சொன்னார், அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

இந்தக் கைக்குத் திறன் இல்லையென்று யார் சொல்வது? கண்ணால் பார்க்காமல், சேற்றுக்குள் ஓடும் உயிரை விரலால் அறிகிற வித்தையை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கற்க முடியாது. அந்த வித்தைக்கு ஏரியில் ஓர் இடம் கிடையாது என்பதே சிக்கல். வலை கட்டுகிற பாட்டில் இறங்க முடியாது. கரையிலோ நிலமில்லை. மீன் இல்லாத மாதங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போவதுதான் வழி. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலும் செங்குன்றத்து அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் திரும்பத் திரும்ப இருளர் குடும்பங்கள் இருப்பது செய்தித்தாள் படிப்பவர் எல்லோருக்கும் தெரியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்.

இந்தத் தொடருக்குத் தலைப்பு வைத்தபோது, வந்தவர் தாழ்ந்தும் இருந்தவர் உயர்ந்தும் நிற்கும் கதைகளே அதிகம் வரும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். பழவேற்காட்டில் இந்தக் கரையின் ஆதிக்குடிகளாக எல்லோரும் ஒப்புக்கொள்வது இருளர்களையும் வடக்கே ஆந்திரப் பக்கத்து யானாதிகளையும்தான். மிகக் கீழே நிற்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு கூட்டமும் தனக்கென ஒரு பிடிமானத்தோடு வந்தது. ஒருவருக்குத் துறைமுகம், ஒருவருக்குக் கோட்டை, ஒருவருக்கு ஊர்க்கட்டு. முதலில் இருந்தவர்களுக்கு ஏரி முழுவதும் இருந்தபோது உரிமை என்று ஒன்றை எழுதி வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தேவை வந்தபோது இடம் மிச்சமில்லை.

இருளர்களின் நிலைமைக்கு அவர்களின் இயல்பே காரணம் என்று பேசுகிறவர்களை நான் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலிக்குப் போய்வரச் சொல்வேன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களின் அடுப்பு அணைந்தது. 1978-ல் பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட அரசு உரிமம் கொடுத்தது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதியை அந்தச் சிறிய சங்கம் கொடுத்துவந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். மனிதர்களும் மாறவில்லை, அவர்களுடைய வித்தையும் மாறவில்லை. ஓர் உரிமமும், விலையைத் தாமே பேசிக்கொள்ள ஒரு சங்கமும் மட்டுமே புதிதாக வந்தன. அதற்காக அங்கே வறுமை ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரு சமூகத்தின் திறன் சந்தையில் மதிப்புப் பெறுவதற்கு என்ன தேவை என்பதை அந்த இடம் கண்முன் காட்டுகிறது.

காகிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் மட்டத்திலேயே வாங்கிவிடலாம். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்கத்தான் இந்தக் கூடுதல் படி. ஆனால் சூளையிலிருந்து சூளைக்கு மாறும் குடும்பத்துக்கு, முகவரிச் சான்று, தகப்பனின் சான்றிதழ், விசாரணை என்று ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. சான்றிதழ் இல்லாத பிள்ளை பத்தாம் வகுப்போடு நிற்கும், அதற்கு முன்னாலேயே நிற்பதும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பட்டியல் சாதியினரிடையே 73, பழங்குடியினரிடையே 54.

பேரிடர் வரும்போது இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் பெரும்பாலும் படகு, வலை, எந்திரம் என்ற இழப்புகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் அளவுக்கு அமைப்பு இருந்தது. தமிழகக் கரையோரம் முழுக்கப் பல இடங்களில் ஆதிதிராவிடரும் இருளரும் பட்டியலுக்கு வெளியே நின்றதை அன்றைய கள ஆய்வுகள் பதிவு செய்தன. கையால் இறால் தடவுகிறவருக்கு இழந்ததாகக் காட்ட ஒரு பறிகூட மிஞ்சியிருக்கவில்லை.

பட்டினவர்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர்களும் நாலாபக்கமும் நெருக்கப்படுகிறவர்கள்தான். 1980-களில் இறால் ஏற்றுமதி விலை ஏறியபோது புதிய வலைகள் ஏரியில் குவிந்தன, பாட்டின் எல்லையில் கைகலப்புகள் நடந்தன. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடும்போதெல்லாம் பாடு வெறும் பெயராகிவிடுகிறது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவை 1969-ல் ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, தீவில் வாழ்ந்தவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று இந்த ஊர்களுக்கு அறிவிப்பு வரும். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதன் விரிவாக்கத் திட்டமும். அதை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் பலமுறை தெருவுக்கு வந்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பார்த்தால் பாடு உள்ளவரும் ஏழைதான். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் சமூகம் அது. யாரை யாரோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து உயர்வு தாழ்வு மாறுகிறது.

இருந்தாலும் ஒரு கேள்வியை நான் ஊர்ப் பெரியவர்களிடம் முன்வைக்கவே விரும்புகிறேன். தங்களுக்குள் இவ்வளவு நேர்மையாகப் பங்கிடத் தெரிந்தவர்கள், கையால் பிடிக்கும் இருளர்களுக்கென ஆழமில்லாத ஓரங்களையும் நீர் வற்றும் நேரத்தையும் ஊர்க்கட்டுப்பாட்டிலேயே எழுதி ஒதுக்கினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? வலை கட்டும் இடமும் கை தடவும் இடமும் ஒன்றல்ல. அரசு செய்ய வேண்டியதும் உண்டு. கையால் மீன்பிடிப்போர் என்று இருளர்களைத் தனியாகப் பதிந்து, அவர்களுக்கென மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகம் பொன்னேரியில் உட்கார்ந்திருக்காமல் குடியிருப்புக்கே வந்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீனையும் பழங்குடியினரின் சமூக உரிமைகளில் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். அந்தச் சட்டத்தை இங்கே எடுத்துப் பேச ஒரு கிராம சபையாவது கூட வேண்டும்.

ஏரியின் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் ஆந்திரத்தில் கிடக்கிறது. அங்கே யானாதிகளுக்கு வேறு அரசு, வேறு பட்டியல், வேறு சங்கங்கள். அதே தண்ணீரில் அதே போன்ற மக்களுக்கு அந்த மாநிலம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று பார்க்க அடுத்த வாரம் சூளூர்ப்பேட்டைப் பக்கம் போவோம்.

(தொடரும்)