தொலைவிலுள்ள பணியாளரும் நமது மேற்பார்வையும்

ஒரே கூடத்தில் அமர்ந்து வேலை செய்வோரை மேற்பார்வையிடுதல் எளிது. பல ஊர்களில், ஒருவரையொருவர் காணாமல் பணிபுரிவோரை ஒரே நோக்கத்துடன் நடத்திச் செல்வதே அரிய காரியம். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நகரத்து அலுவலர்கள் தத்தம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபோது, இஃது ஏதோ புதிய பிரச்சினை போலப் பேசப்பட்டது. காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே திறக்கும் நீர் கல்லணையை அடைய ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகின்றன. 2025-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரும், 15-ஆம் தேதி கல்லணையும் திறக்கப்பட்டதை விவசாயிகள் அறிவார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடியும் பிரிகிறது. நீடாமங்கலத்திற்கு அருகே மூணாறு தலைப்பில் பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. அதன் பின்னர் வாய்க்கால்கள், கிளை வாய்க்கால்கள், மதகுகள். ரெகுலேட்டரில் கதவை ஏற்றி இறக்கும் லஸ்கரை மேட்டூரிலுள்ள பொறியாளர் பார்த்திருக்கவே மாட்டார். தலைமடையில் கதவு சற்றுக் கூடுதலாகத் தூக்கப்பட்டால், கடைமடையில் நாற்றங்கால் வெடித்துப் போகும். இரண்டுக்குமிடையே பல நாட்கள் கழிந்துவிடுவதால், பிழை தெரியவரும்போது அதனைத் திருத்த அவகாசம் இராது.

இவர்களை இணைத்து வைப்பது எது? கட்டுமானச் சுவரில் அடிக்கணக்கு எழுதப்பட்டுள்ள அளவுகோலே. “தண்ணீர் நன்றாகப் போகிறது” என்று லஸ்கர் சொன்னால் அதனால் ஒருவருக்கும் பயனில்லை. இன்ன நேரத்தில் இத்தனை அடி என்று அவர் சொன்னால், பார்த்திராத பொறியாளரும் உடனே விளங்கிக்கொள்கிறார். மேட்டூரின் நீர்மட்டம் நாள்தோறும் காலை 8 மணி நிலவரமாகவே அறிவிக்கப்படுவதன் பொருளும் இதுவே.

நமது ஊராட்சிகளில் குக்கிராமந்தோறும் குடிநீர்த் தொட்டி இயக்குபவரும் தூய்மைப் பணியாளரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இத்தகைய அளவுகோல் உண்டா? “மோட்டார் போட்டேன்” என்பது செய்தியாகாது. எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது நிறுத்தினார், எந்தத் தெருவுக்கு நீர் ஏறவில்லை என்ற மூன்று விவரங்களை ஒரு சாதாரண நோட்டில் எழுதி வந்தால், பொறுப்பில் இருப்பவர் ஊராட்சித் தலைவராயினும் தனி அலுவலராயினும் குறையைப் பத்தே நிமிடத்தில் கண்டுகொள்ளலாம்.

அளவுகோல் மட்டும் போதுமா எனின், போதாது. 1960-ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர விவசாய அபிவிருத்தித் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. பேக்கேஜ் திட்டம் என்று முதியோர் இன்றும் சொல்வது இதனையே. சாதாரண வட்டாரத்தில் பத்துக் கிராம சேவகர்கள் இருந்த இடத்தில், இத்திட்ட வட்டாரங்களுக்கு இருபதின்மர் அனுமதிக்கப்பட்டனர்; ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியே சாகுபடித் திட்டம் எழுதவும் முற்பட்டனர். நோக்கம் உயர்ந்ததே. எனினும் படிவங்கள் பெருகப் பெருக, வயலில் இறங்க வேண்டிய கால் மேசையடியில் தங்கிவிடும் அபாயமும் உண்டு என்பது நமது கருத்து.

1980-களில் தமிழ்நாட்டில் வந்த பயிற்சி மற்றும் பார்வையிடல் முறை வேறொரு வழியைக் காட்டிற்று. டேனியல் பெனோர் என்ற நிபுணர் வகுத்து, உலக வங்கியின் ஆதரவுடன் பல நாடுகளில் பரவிய முறை அது. விரிவாக்க அலுவலர் இன்ன ஊருக்கு இன்ன கிழமையில் வருவார் என்பது முன்னரே குறிக்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அவர் பயிற்சிக்கும் சென்றார். அதிகாரி எப்போது வருவாரோ என்ற அச்சத்தை விட, இன்ன நாள் தவறாமல் வருவார் என்ற நம்பிக்கை அதிக வேலை வாங்கும். விவசாயியும் தம் ஐயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நாளடைவில் வருகை நிலைத்தது, புதிதாய்ச் சொல்லும் செய்தி குறைந்தது என்ற குறை அம்முறையின்மேல் எழுந்தது உண்மையே. அதனால் நாள் குறிப்பது தவறென்று ஆகாது.

குறித்த நாளில் கூடினால் மட்டும் போதாது. கீழிருப்பவர் வாய் திறக்க வேண்டும். 1948-இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில், ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கரின் யோசனைப்படி நடந்த முன்னோடித் திட்டத்தில், கிராமப் பணியாளர் தம் மேலதிகாரியிடம் குறையைத் தயக்கமின்றிக் கூறும் பழக்கம் வளர்க்கப்பட்டது. நம் கூட்டங்களில் அதிகாரி பேச, மற்றவர் தலையசைப்பதே மிகுதி. தொட்டி இயக்குபவரை முதலில் பேசவிட்டால் கூட்டம் சற்று நீளும். ஆனால் அடுத்த மாதம் குறுகும்.

இனி அதிகாரத்தைப் பற்றி. ஐப்பசி மழை கொட்டும் நள்ளிரவில் நீர் ஏறும்போது, ரெகுலேட்டரில் நிற்பவர் மேலிடத்து வார்த்தைக்குக் காத்திருந்தால் கரை உடைந்துபோகும். இந்த அளவைத் தாண்டினால் இன்னது செய்க என்று முன்னரே சொல்லப்பட்டிருத்தல் வேண்டும். குடிநீருக்கும் அவ்வாறே. சிறு பழுதானால், விதிகளுக்குட்பட்டு இத்தனை ரூபாய் வரை செலவிட்டு மறுநாள் கணக்குக் காட்டலாம் என ஊராட்சி எழுதிக் கொடுத்திருப்பின், ஒரு வால்வுக்காக ஒரு தெருவே மூன்று நாள் குடத்துடன் அடுத்த ஊருக்கு நடக்க நேராது.

இக்காலத்தில் கைபேசி வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் காலையில் படம், மாலையில் படம் என்று கேட்கிறோம். படமெடுக்கும் வேலையே பெருவேலையாகிவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். கழுவிய தொட்டியின் படம் கடைசிக் குழாயைக் காட்டாது. ஆய்வுக்குச் செல்வோர் தொட்டியடியில் நின்றுவிடாமல், இயக்குபவரையும் உடன் அழைத்துக்கொண்டு கடைசித் தெருவின் கடைசிக் குழாய் வரை நடந்து, அதனைத் திறந்து பார்ப்பாராக.