ஈயும் விண்மீனும் ஏற்கும் விண்மீனும்

ஆகஸ்ட் மாதத்து இரவில், இஷாத் தொழுகை முடிந்த சற்று நேரத்தில், சங்கரன்கோவில் வட்டாரத்துப் பனவடலிசத்திரத்தில் நின்று நோக்குவோர்க்கு உச்சி வானிலிருந்து தெற்கு நோக்கி விரியும் பெரும் விண்மீன் கூட்டம் ஒன்று தென்படும். கிரேக்கர் அதனை ஓபியூக்கஸ் என்றனர். அரபு வானியலார் ‘அல்-ஹவ்வா’, அதாவது பாம்பாட்டி என்றனர். அதன் தலைமை விண்மீனை உலகம் இன்றும் ரசல்ஹேக் என்றே அழைக்கிறது. ‘ரஃஸ் அல்-ஹவ்வா’ (பாம்பாட்டியின் தலை) என்பதன் திரிபே அது. பத்தாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தமது விண்மீன் நூலில் இக்கூட்டத்தின் மீன்களை ஒளியளவுடன் பதிவு செய்தார். அப்பட்டியலில் இடம்பெறாத, வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு விண்மீனைப் பற்றியே இங்கு நாம் பேச முற்படுகிறோம். வானியலார் அதற்கு இட்ட பெயர் ஆர்.எஸ். ஓபியூக்கி.

1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021 ஆகிய ஆண்டுகளில் இவ்விண்மீன் திடீரெனப் பன்னூறு மடங்கு ஒளி பெற்று, இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கும் புலனாயிற்று. பின்னர் சில மாதங்களில் மங்கிப் பழைய நிலையை அடைந்தது. மறைந்தும் தோன்றியும் வரும் இவ்விந்தைக்குக் காரணம், அது ஒரு விண்மீன் அன்று என்பதே. இரு விண்மீன்கள் ஏறத்தாழ 15 மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

ஒன்று, சிவப்பு ராட்சத விண்மீன். முதுமையுற்று ஊதிப் பெருத்து, தன் மேற்பரப்பின் வாயுவைக் காற்றாக வெளியே இழந்து கொண்டிருப்பது. மற்றொன்று, வெள்ளைக் குள்ளன். எரிபொருள் தீர்ந்து அவிந்த விண்மீனின் எஞ்சிய கரு அது. சூரியனை ஒத்த நிறை பூமியின் அளவுக்குள் அடங்கியது. திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயம் பெயர் சுட்டும் ‘அஷ்ஷிஃரா’ (சிரியஸ்) விண்மீனுக்கும் இத்தகைய குள்ளத் துணை ஒன்று உண்டென்பது 1862-இல் தெரியவந்தது. ஆயினும் அங்கே இரண்டும் விலகி நிற்கின்றன. ஆர்.எஸ். ஓபியூக்கியிலோ ராட்சதன் இழப்பதைக் குள்ளன் ஈர்த்துக் கொள்கிறது. தண்மையும் வெம்மையும் ஒரே நிறமாலையில் கலந்து தோன்றும் இத்தகைய இணைகளுக்கு, உயிரியலிலிருந்து கடன் பெற்று, ‘கூட்டுயிர் விண்மீன்கள்’ என்ற பொருளில் பெயரிட்டவர் அமெரிக்க வானியலார் பால் மெரில்.

வெடிப்பு எவ்வாறு நிகழ்கிறது? ஈர்க்கப்பட்ட ஹைட்ரஜன், குள்ளனின் மேல் படலமாகப் படிகிறது. படலம் தடிக்குந்தோறும் அதன் அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, அணுக்கரு இணைவு தொடங்குகிறது. சாதாரண விண்மீனில் வெப்பம் மிகுந்தால் வாயு விரிந்து தணியும். பிரஷர் குக்கரின் வெயிட் எழும்பி ஆவியை வெளியேற்றுவது போன்றது அது. குள்ளனின் மேல் நெருங்கிச் செறிந்த வாயு அவ்வாறு உடனே விரிவதில்லை. வெப்பம் இணைவை விரைவுபடுத்த, இணைவு வெப்பத்தைப் பெருக்க, ஈற்றில் படலமே சிதறி எறியப்படுகிறது. இதனை நோவா என்பர். குள்ளனின் நிறை எவ்வளவு மிகுதியோ, வெடிப்புக்குத் தேவையான படலம் அவ்வளவு மெல்லியது. பெரும்பாலான நோவாக்கள் மீண்டும் வெடிக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்; இதற்குச் சில பத்தாண்டுகளே போதும்.

எறியப்பட்ட வாயு வெற்று வெளியில் பாயாமல், ராட்சதனின் காற்றில் மோதி அதிர்வலையை எழுப்புகிறது. 1985-ஆம் ஆண்டு வெடிப்பின்போது ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் எடுக்கப்பட்ட நிறமாலைகளை ஜி.சி. அனுபமாவும் டி.பி. பிரபுவும் ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டனர். சூரியனின் ஒளிவட்டத்தில் காணப்படும் மிகுவெப்ப இரும்பு வரிகள் இவ்விண்மீனிலும் தோன்றுவது அம்மோதலின் அடையாளமாகும். 2021-இல் நமீபியாவிலும் கானரித் தீவுகளிலும் உள்ள கருவிகள் இதிலிருந்து மிக உயர் ஆற்றல் காமா கதிர்களைப் பதிவு செய்தன. ஒரு நோவாவிலிருந்து அத்தகைய கதிர்கள் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

இனி, வானியலாரை வாட்டும் வினாவுக்கு வருவோம். ஒவ்வொரு வெடிப்பிலும் குள்ளன் பெற்றதனைத்தையும் இழந்துவிடுகிறதா, சிறிதேனும் மிச்சம் பிடிக்கிறதா? மிச்சம் பிடித்தால் அதன் நிறை வளரும். அவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டென்று கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. 1935-இல் எடிங்டன் அதனை வன்மையாக மறுத்தார். 1983-இல் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார். ஆர்.எஸ். ஓபியூக்கியின் குள்ளன் அவ்வெல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. அதன் கரு கார்பனும் ஆக்சிஜனும் ஆயின், எல்லையை நெருங்கியதும் முழுமையாக வெடித்துச் சிதறும். ஆக்சிஜனும் நியானும் ஆயின், உள்நோக்கிச் சரிந்து நியூட்ரான் விண்மீனாகும்.

முழு வெடிப்பு எத்தகையது என்பதற்கு நம் முன்னோர் ஒருவரே சாட்சி. 1006-இல் எகிப்தில் இளைஞராயிருந்த அலீ இப்னு ரிள்வான் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டார். அது வெள்ளியைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிது என்றும், அதன் ஒளி நிலவொளியின் காற்பங்குக்கும் சற்று மிகுதி என்றும், டாலமியின் நூலுக்கு எழுதிய உரையில் குறித்தார். வெள்ளைக் குள்ளனின் அழிவே அது என்பது இன்றைய முடிவு. ஆனால் அவ்விடத்தைத் துருவிய ஆய்வாளர், உடனிருந்த ராட்சதத் துணை எதனையும் காணவில்லை என 2012-இல் அறிவித்தனர். இரு குள்ளர்கள் மோதியும் இவ்வெடிப்பு நிகழலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

இது வெறும் ஆர்வ வினா அன்று. பேரண்டம் விரைந்து விரிகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு, இவ்வகை வெடிப்புகளின் ஒளியை அளவுகோலாகக் கொண்டே நிறுவப்பட்டது. அளவுகோல் எதனால் ஆனது என்று அறியாமல் அதன் அளவை முழுதும் நம்புவது எங்ஙனம்? பாம்பாட்டிக் கூட்டத்தின் இச்சிறு இணை, ஒவ்வொரு வெடிப்பிலும் அதற்கான விடையின் ஒரு கூற்றை நமக்கு வழங்குகிறது. இப்னு ரிள்வான் அன்று கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்ததால்தான், ஆயிரம் ஆண்டு கழிந்தும் அதனை நாம் எடுத்து நிறுக்க முடிகிறது. அடுத்த வெடிப்பின்போது நம்மிடம் கோரப்படுவதும் அதே கடமைதான்.