முகக்களிம்புக்குள் ஒரு தேங்காய்

சென்ற கோடை விடுமுறை முடிந்து நான் விடுதிக்குத் திரும்பியபோது, என் இரு கன்னங்களிலும் பருக்கள் அணிவகுத்து நின்றன. அப்போது நண்பர்கள் எனக்குச் சூட்டிய பட்டப் பெயர்களை இம்மலரில் எழுத முடியாது. காசு கொடுத்து வாங்கிய களிம்பின் மேல் எனக்குச் சந்தேகமே எழவில்லை. 'எண்ணெய் இல்லாதது' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்களே! தேங்காய் எண்ணெய் தடவச் சொன்ன அம்மாவிடம், "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று சொல்லிவிட்டு வாங்கிய களிம்பு அது.

ஒருநாள் பெட்டியின் பின்புறத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். தண்ணீருக்கு அடுத்ததாக இருந்த பெயர் ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட். மூன்றாம் ஆண்டு வேதியியல் படிப்பவன் அதற்கு மேலும் சும்மா இருக்கலாமா?

'மிரிஸ்டிகா' என்பது ஜாதிக்காய் மரத்தின் தாவரவியல் பெயர். 1841இல் லயன் பிளேஃபேர் என்னும் வேதியியலார் ஜாதிக்காய்க் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்த அமிலம் மிரிஸ்டிக் அமிலம் ஆயிற்று. 14 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலம் அது. இதற்காக ஜாதிக்காயைத் தேடி மலையேற வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பது இதுவே. பெயரின் மறுபாதியான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பெட்ரோலிய வாயுவான புரொப்பிலீனிலிருந்து வருகிறது. ஆக, பாதி தோப்பு. பாதி எண்ணெய்க் கிணறு!

இரண்டையும் அமில ஊக்கியுடன் சூடாக்கினால் எஸ்ட்டரும் நீரும் உண்டாகின்றன. நம் ஆய்வுக்கூடத்தில் கந்தக அமிலம் சில சொட்டு விட்டுப் பழ வாசனை வரவழைக்கிறோமே, அதே வினைதான். மீள்வினை என்பதால் உண்டாகும் நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். ஆனால் இந்த எஸ்ட்டருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்றே சொல்லலாம்.

பிசுக்கு ஏன் இல்லை? தேங்காய் எண்ணெயின் மூலக்கூறு, கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் பெரிய உருவம். அதன் மூலக்கூறு எடை 640 அளவில் இருக்கும். இதிலோ ஒரே அமிலம். எடை ஏறத்தாழ 270. எனவே மெல்லியதாக, விரைந்து பரவுகிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். இது ஏறத்தாழ 3 பாகை வரை திரவமாகவே நிற்கும். சட்டப்படி இது எண்ணெயோ இல்லையோ, விரலுக்கு எண்ணெய் என்று தெரியாத எண்ணெய் என்பதே என் கட்சி.

இனி, தோலை மென்மையாக்குவது எது? எண்ணெய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், காய்ந்து விறைத்த தோலின் மேலடுக்கை எண்ணெய்களில் ஊறவைத்துப் பார்த்தார். அது விறைப்பாகவே இருந்தது. நீர் பட்டதும் வளைந்து கொடுத்தது! மென்மை தருவது நீர்தான். மென்மையூட்டிகளின் வேலை, செதில்களின் இடைவெளியை நிரப்பித் தடவினால் வழவழப்பாக்குவதும், உள்ளிருக்கும் நீர் ஓடாமல் தடுப்பதும். இந்த இரண்டாவது வேலையில் நம் எஸ்ட்டர் அத்தனை கெட்டியன்று. வாசலின் அதைவிட மிகச் சிறந்தது.

இதே பொருள் பேன் மருந்தாகவும் பயன்பட்டிருக்கிறது. பேனின் உடலைப் போர்த்திய மெழுகை இது கரைத்துவிட, பேன் தன் நீரை இழந்து வற்றிச் சாகிறது.

பருக்களுக்கு வருவோம். 1984இல் ஃபுல்டன் குழுவினர் முயல் காதில் செய்த சோதனைகளில், மயிர்த்துளைகளை அடைக்கும் பொருள்களின் வரிசையில் ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட்டும் அதன் உறவுகளும் நின்றன. முயல் காது மனிதக் கன்னம் ஆகாது. சேர்க்கும் அளவும் முக்கியம். இத்தகைய பட்டியல்களில் தேங்காய் எண்ணெயும் உண்டு என்பதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

களிம்பை நிறுத்திய சில வாரங்களில் பருக்கள் அடங்கின. அதே சமயம் தேர்வுகளும் முடிந்திருந்தன. ஆகையால் இதை நிரூபணம் என்று எழுதினால் எங்கள் பேராசிரியர் சிவப்பு மையில் அடிப்பார். மீதியிருந்த பாதிக் களிம்பை அம்மா வீணாக்கவில்லை. இரவில் கால் கழுவி, ஈரம் காயுமுன் குதிகால் வெடிப்பில் தடவிக்கொள்கிறாள். உள்ளங்காலில் அடைபட மயிர்த்துளையே கிடையாது.