கேஸ் நெடி வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்

ராத்திரி சமையல் முடிந்ததும் அடுப்பின் குமிழைத் திருகி அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுகிறோம். டியூபில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால் போதும், விடிய விடியக் கேஸ் கசியும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருப்போம். காலையில் காபி போட வருபவர் இருட்டில் முதலில் தேடுவது லைட் சுவிட்சை. அதைத் தட்டும்போது உள்ளே எழும் சின்னப் பொறியிலேயே அந்த அறை வெடித்துவிடக்கூடும்.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி, மேடைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அந்த நாற்றமடிக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள்.

எனவே நெடி வந்தால் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் கூடாது, ஓடுவதை அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் பொறி வரும். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். செல்போனை வெளியே போய் எடுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. தீயணைப்புக்கு 101.

இப்போது பல வீடுகளில் சிலிண்டரை அழகான மர அலமாரிக்குள் பூட்டி வைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பதறுகிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால் அலமாரியின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் அவசியம். மேல்பக்கத் துளை மட்டும் போதாது.

சிலிண்டர் வந்ததும், ஆள் போவதற்கு முன்பே மூடியைக் கழற்றிக் கசிவைச் சோதிக்கச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையில் ‘பி 28’ என்பதுபோல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். அது மறுசோதனைக்கான கெடு. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். கம்பி வலை வைத்த ஆரஞ்சு டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கசிவைப் பார்க்கச் சோப்பு நுரைதான், தீக்குச்சி ஒருபோதும் வேண்டாம்.

வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டாலும் கை பதறித் தண்ணீரைத்தான் தேடும். தண்ணீர் விழுந்த கணமே ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டை நகர்த்திச் சட்டியை மூடுங்கள். ஆறும்வரை தட்டைத் திறக்காதீர்கள், சட்டியை வெளியே தூக்கிக்கொண்டு ஓடவும் செய்யாதீர்கள். யாருக்காவது தீப்புண் பட்டால் பற்பசை, மாவு எதுவும் பூசாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.